கணையத்தில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தால் இதயத்துக்கு ஆபத்தா?

கோத்தகிரியில் தினமும் மேடேறி இறங்கும் உங்கள் அப்பாவுக்கு வயிற்று ஸ்கேனில் இப்படி வந்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், அதற்காக ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டியும் விடாதீர்கள்.

தோலுக்கடியில் இடம் போதாத கொழுப்பு ஈரலிலும் கணையத்திலும் படிகிறது. கணையத்தில் படிந்தால் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சோர்ந்துபோகலாம். இது உள்ளவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) ஆகியவையும் சேர்ந்தே இருப்பது அதிகம். இதயத்தைப் பற்றிய கவலை அதனால்தான். கணையக் கொழுப்பு மட்டும் தனியாக இதயத்தைக் கெடுக்கும் என்பது நிரூபணமாகவில்லை.

நல்ல சேதி, இது குறையக்கூடியது. 2011இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர் ராய் டெய்லரின் குழு, சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு 8 வாரம் தினமும் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்தது. கணையக் கொழுப்பு 8 சதவீதத்திலிருந்து 6.2க்கு இறங்கியது, இன்சுலின் சுரப்பும் தேறியது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதை வீட்டில் முயல வேண்டாம்.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. நடை நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு டீக்கும் இரண்டு வர்க்கி என்றால் மைதாவும் கொழுப்பும் நடையை மிஞ்சிவிடும். முதலில் அதைக் குறையுங்கள். இடுப்பு 90 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அப்புறம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனைகளைச் செய்யுங்கள். மேடேறும்போது நெஞ்சு இறுகினால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.