ஆலத்தித் தண்ணீரும் கான்கிரீட் கம்பியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

காரைக்குடியில் உலோகம் துருப்பிடிப்பது பற்றி ஆய்வு செய்கிறேன். அடுத்த மாதம் கானாடுகாத்தானில் வீட்டுக்காரர்களுக்கும் கொத்தனார்களுக்கும் கான்கிரீட் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று அரைமணி நேரம் பேச வேண்டும். 40 ஸ்லைடு தயார். கலைச்சொற்களைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்திலா? நம் மக்களுக்கு அறிவியலில் ஆர்வமே இல்லையே என்றும் பயமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்,

கொத்தனார் கம்பி, கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்), பூச்சு என்கிறார். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், கலைச்சொல் பிரச்சினை தீர்ந்தது. ஸ்லைடு நான்கு போதும்.

ஆர்வமில்லை என்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு வீட்டைத் திறந்ததும், பின்கட்டில் பிற்பாடு போட்ட கான்கிரீட் தளத்தின் பூச்சு பெயர்ந்து கீழே கிடப்பதைப் பார்க்கும் ஆச்சிக்கா ஆர்வமில்லை? உங்கள் சமன்பாட்டில்தான் ஆர்வமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்த சீமை அது.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆலத்தி எடுத்த கைகள். அங்கிருந்து தொடங்குங்கள். சிவப்பு என்றால் காரம், மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான காரம். புதுக் கான்கிரீட்டும் காரம்தான், காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 12.5க்கு மேல். அது இருக்கும்வரை கம்பிமேல் ஒரு மெல்லிய படலம் நின்று காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே ஊறிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கம்பிவரை எட்டிவிட்டால் படலம் போச்சு. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடிக்காமல் என்ன செய்யும்?

இதைப் பேசிக் காட்டாதீர்கள், செய்து காட்டுங்கள். முந்தின இரவே ஒரு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். மூடாவிட்டால் மேலே வெள்ளை ஏடு படரும். அதுவும் கரியமில வாயுவின் வேலைதான். காலையில் தெளிவை மட்டும் கால் தம்ளர் இறுத்து, சிட்டிகை மஞ்சள்தூள் போட்டால் சிவக்கும். அதில் அரைத் தம்ளர் கோலி சோடா. பழைய மஞ்சள் திரும்பும். பன்னீர் சோடா, எலுமிச்சை சோடா வேண்டாம். புளிப்பு செய்ததா வாயு செய்ததா என்று யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். சோடாவை அவர்கள் கண்ணெதிரே உடையுங்கள், முன்பே திறந்தால் வாயு போய்விடும். சுண்ணாம்பு மண்டி கலந்துவிட்டால் அது கரைந்து மறுபடி சிவக்கும், மானம் போகும்.

இதோடு நிறுத்துங்கள். வீட்டுத் தூணில் மஞ்சள் தடவிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பி.எச். 8 தாண்டினாலே மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும். காரம் இழந்த கான்கிரீட்டும் 8, 9 என்றுதான் நிற்கும். தூணுக்கு பினாப்தலீன் வேண்டும், நல்ல காரம் இருந்தால் மட்டும் சிவக்கும் சோதனைத் திரவம் அது. கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த பரப்பில், தூசியை ஊதிவிட்டுத் தெளிக்க வேண்டும். உள்ளேயிருந்து வந்த தூசி ஒட்டியிருந்தால் காரம் போன இடமும் பொய்யாகச் சிவக்கும்.

கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு கொத்தனாரிடம், "அண்ணே, ஆச்சி வீட்டுத் தளத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "சிமெண்டைக் குழைச்சு அப்பிருவேன்" என்றால் சோடா வீண். "கம்பிக்குப் பின்னாடிவரை கொத்தி, பளபளக்கும்வரை துருவைத் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் பூசுவேன், கம்பி ரொம்பக் கரைஞ்சிருந்தா இன்ஜினியரைக் கூப்பிடுவேன்" என்றால், மீதி 36 ஸ்லைடை யாரும் தேடப்போவதில்லை.