நோயே இல்லாத ஆற்று மீனிலும் வைரஸ் இருக்குமா? அது நமக்குத் தொற்றுமா?

இருக்கும், நிறையவே இருக்கும். அதற்காக மீன் குழம்பை விட வேண்டியதில்லை.

மீன் வைரஸ் என்றாலே பண்ணையில் மீன்கள் செத்து மிதக்கும் செய்திதான் நினைவுக்கு வரும். ஆய்வும் நெடுங்காலம் அந்தப் பக்கமே போனது. செத்த மீனைச் சோதித்தார்கள், கொல்லாத வைரஸைத் தேட ஆளில்லை. இப்போது நலமாக இருக்கும் மீனின் ஈரல், செவுள் போன்றவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) முழுவதையும் பிரித்து, வரிசைமுறையைப் படித்து, தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிடுகிறார்கள். இன்ன வைரஸைத் தேடுகிறோம் என்று முன்பே முடிவு செய்ய வேண்டியதில்லை.

2018இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், மீன், தவளை, ஊர்வன ஆகியவற்றில் 200க்கும் மேற்பட்ட புதிய வைரஸ்கள் தெரியவந்தன. அதில் ஒன்று, மனிதருக்கு வரும் இன்ஃபுளுயன்சா பி வைரஸுக்கு நெருங்கிய உறவு. கிடைத்த இடம் சீனாவின் ஓர் ஆரல் மீன்! நம் குளத்துச் சேற்றில் கிடக்கும் ஆரலின் சொந்தக்காரன்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றில் நடந்த ஆய்வு. அங்கே வெளியிலிருந்து வந்த சாதாக் கெண்டை பெருகி, மொத்த மீன் எடையில் 90 சதவீதம் வரை பிடித்துக்கொண்டது. அதைக் குறைக்க, கெண்டையைக் கொல்லும் ஒரு ஹெர்பெஸ் வைரஸை ஆற்றில் விடலாமா என்று 2016 முதல் அரசு ஆராய்ந்தது. சரி, விடுவதற்கு முன் ஆற்றில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? 2,200 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றோடு போய் 10 மீன் இனங்களைச் சோதித்தார்கள். முதுகெலும்பிகளுக்கு உரிய 18 வைரஸ்கள் கிடைத்தன. ஹான்டா, அரீனா, பாக்ஸ் என, மனிதருக்கு நோய் தரும் வைரஸ்களும் உள்ள குடும்பங்களின் பெயர்கள் பயமுறுத்தும். தேடிய ஹெர்பெஸ் மட்டும் தட்டுப்படவில்லை. ஆனால் ஹெர்பெஸ் வகை உடலில் பதுங்கிக் கிடக்கக்கூடியது, அப்போது அதன் ஆர்.என்.ஏ. அதிகம் இருக்காது, அதை மட்டும் பார்த்தால் தப்பிவிடலாம். அதனால் அங்கே அது இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அதைவிட முக்கியமான முடிவு வேறு. கெண்டையும் உள்ளூர் மீன்களும் 50 ஆண்டுகளுக்கு மேல் ஒரே தண்ணீரில் இருந்தும், வைரஸ்களைப் பகிர்ந்துகொண்டதாகவே தெரியவில்லை. பெரும்பாலான மீன் வைரஸ்கள் தத்தம் மீன் இனத்தோடு மிக நீண்ட காலமாக ஒட்டி வாழ்பவை, சட்டென்று வீடு மாறுவதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. ஒரு மீன் இனத்திலிருந்து பக்கத்து மீன் இனத்துக்கே எளிதில் தாவாத வைரஸ், குளிர் ரத்த உடலிலிருந்து 37 டிகிரி மனித உடலுக்கு வருவது அதைவிடக் கடினம். மீனில் கண்ட ஹான்டா வகையோ இன்ஃபுளுயன்சா வகையோ மனிதருக்குத் தொற்றியதாகப் பதிவில்லை.

ஆனால் மீன்களுக்கு ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வட அமெரிக்காவின் பேரேரிகளில் 2005 வாக்கில் வி.எச்.எஸ். என்ற ரத்தக்கசிவு நோய் வைரஸ் பல மீன் இனங்களை ஒருசேரக் கொன்றது. உயிர் மீன்களை இடம் மாற்றவே அங்கே கட்டுப்பாடு வந்தது. நம் குளங்களில் நிறைந்திருக்கும் ஜிலேபி கெண்டையைத் தாக்கும் திலாப்பியா லேக் வைரஸ் 2018இல் இந்தியாவிலும் பதிவாகிவிட்டது. அதனால் ஒரு குளத்துக் குஞ்சுகளை இன்னொரு நீர்நிலையில் விடும்முன் சோதித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.