குவாசரின் ரேடியோ உமிழ்வு: கருந்துளையா, விண்மீன் உருவாக்கமா?

கிருஷ்ணகிரியில் முதுகலைத் திட்டக் கட்டுரை எழுதும் நண்பருக்கு வணக்கம். செம்பெயர்ச்சி (தொலைவைக் காட்டும் அளவு) 0.5 கொண்ட உங்கள் குவாசர், அதாவது பெருங்கருந்துளை வாயுவை விழுங்குவதால் பேரொளி வீசும் விண்மீன் மண்டல மையம், 1.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ படத்தில் 2 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ ஒளிர்வின் அலகு) அளவில் வெறும் புள்ளியாகத் தெரிவதால், வழிகாட்டி சொல்வதுபோல் அந்த உமிழ்வுக்குக் காரணம் கருந்துளையருகிலிருந்து பீறிடும் ஜெட் தாரைதானா, விண்மீன் உருவாக்கமாகவும் இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

புள்ளியாகத் தெரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட இயலாது. அப்படத்தின் பிரிதிறன் (பிரித்துக் காட்டும் மிகச் சிறிய கோணம்) 5 ஆர்க்விநாடி என்றால், அத்தொலைவில் அது ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு; ஒரு முழு விண்மீன் மண்டலமே அதற்குள் அடங்கிவிடும். நிறமாலைச் சரிவும் (அதிர்வெண்ணோடு ஒளிர்வு மாறும் விதம்) பெரிதாகக் கைகொடுக்காது, ஏனெனில் சூப்பர்நோவா எச்சங்கள் முடுக்கிய எலக்ட்ரான்களும் தாரையில் பாயும் எலக்ட்ரான்களும் காந்தப்புலத்தில் சுழன்று ஒரே வகையான சின்க்ரோட்ரான் கதிர்வீச்சையே தருகின்றன.

ஆனால் ஒளிர்திறனைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஹெர்ட்ஸுக்குச் சுமார் 1.7 × 10²⁴ வாட் வரும். இவ்வளவையும் விண்மீன் உருவாக்கமே தர வேண்டுமானால், ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 சூரிய நிறை விண்மீன்களாக மாற வேண்டும். நம் பால்வழியிலோ அது ஓரிரண்டுதான். எனவே பெரும்பங்கு கருந்துளையினுடையது என்பதில் உங்கள் வழிகாட்டியோடு உடன்படுகிறேன், எனினும் தாரை மட்டுமின்றி, வெளிவீசும் காற்று உண்டாக்கும் அதிர்வலைகளையும் கருந்துளையைச் சூழ்ந்த மிகச் சூடான வாயுவான கொரோனாவையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.

உறுதிப்படுத்தத் தொலை அகச்சிவப்புத் தரவைத் தேடுங்கள்; இளம் விண்மீன்கள் சூடாக்கும் தூசு அதில் ஒளிர்வதால், விண்மீன் உருவாக்கத்தின் பங்கை அளக்கலாம். நடு அகச்சிவப்பு வேண்டாம். குவாசரே சூடாக்கிய தூசு அதில் கலந்துவிடும். பக்கத்துக் காவலூர் தொலைநோக்கி ஒளியியல் வகையைச் சேர்ந்தது என்பதால், ரேடியோவுக்குப் புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் பழைய தரவுகளைத்தான் துழாவ வேண்டும்.