ஓடியாடினால் பாடத்தில் கவனம் நிற்குமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பெருமூளை வாதத்தால் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை, cerebral palsy) இரண்டு கால்களிலும் தசை இறுக்கம். வாக்கர் பிடித்து நடக்கிறான். தினமும் நீட்டல் பயிற்சி செய்கிறோம். ஆனால் படிப்பில் கவனம் நிற்பதில்லை. உடற்பயிற்சியைக் கூட்டினால் யோசிக்கும் திறன் வளருமா, களைத்துப்போய் இருக்கிற கவனமும் போய்விடுமா?

பதில்: அவன் நடந்துகொண்டிருக்கும்போது "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாக்கர் நின்றுவிடும். விடை சொன்ன பிறகுதான் அடுத்த அடி. மற்ற பிள்ளைகளுக்குக் கால் தானாக நடக்கிறது. இவனுக்கு ஒவ்வொரு அடிக்கும், நாற்காலியில் நிமிர்ந்து உட்காரக்கூட, கவனம் செலவாகிறது. உடலில் தெம்பு ஏறி நடை சுலபமானால், அந்தக் கவனத்தில் கொஞ்சம் பாடத்துக்கு மிஞ்சும்.

மூச்சு வாங்க இயங்கும்போது மூளையும் சுறுசுறுப்பாகிறது. 2009இல் இலினாய் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 20 நிமிடம் டிரெட்மில்லில் நடந்த பிள்ளைகள் கவனச் சோதனையிலும் வாசிப்பிலும் மேலாகச் செய்தார்கள். அவர்களுக்குப் பெருமூளை வாதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாதம் உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. அதனால் மதிப்பெண் ஏறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கட்டாயம் முயன்று பாருங்கள்.

நீட்டல் பயிற்சி தசை இறுக்கத்துக்கானது, அதை விட வேண்டாம். ஆனால் அதில் இதயத் துடிப்பு ஏறாது. மூன்று சக்கர சைக்கிள், நீச்சல், வாக்கரோடு ஓட்டப்பந்தயம் என்று எதையாவது சேருங்கள். விளையாட்டில் யோசனையும் கலந்திருந்தால் இன்னும் நல்லது. சிவப்புப் பந்து காட்டினால் நிற்க வேண்டும், பச்சை காட்டினால் போக வேண்டும். பழகியதும் விதியைத் தலைகீழாக மாற்றுங்கள். அவன் திணறிச் சிரிக்கிற அந்த நேரத்தில்தான் தன்னை அடக்கிக்கொள்ளும் திறனுக்குப் பயிற்சி கிடைக்கிறது.

முதலில் வாரம் இரண்டு நாள், பத்து நிமிடம் போதும். மெல்ல மூன்று நாள், 20 நிமிடம் வரை கொண்டுபோங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. முடிந்ததும் தண்ணீர், கொஞ்சம் ஓய்வு, அப்புறம் வீட்டுப்பாடம். மறுநாளும் கால் வலித்தால் அளவைக் குறையுங்கள்.

தொடங்கும் முன் இடுப்பு மூட்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலிப்பு வருமென்றால், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் இல்லாமல் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

பள்ளியில் விளையாட்டு வகுப்பின்போது அவனை ஸ்கோர் எழுத உட்கார வைக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அப்படியென்றால் ஆசிரியரிடம் பேசி, மைதானத்தில் அவனுக்கும் ஒரு இடம் கேட்டு வாங்குங்கள்.