உலோக ஸ்டென்ட்: சுகமான பின்னரும் அகற்ற வேண்டுமா?

கேள்வி: பித்தப்பைக் கல்லினால் என் அப்பாவுக்குச் சதையி (கணையம்) அழற்சி ஏற்பட்டு, பின்னர் சதையியை ஒட்டிப் பெரிய நீர்க்கட்டி உண்டாகியது. கொழும்பில் எண்டொஸ்கொப்பி செய்து, இரைப்பைச் சுவரின் ஊடாக உலோக ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் குழாய்) ஒன்றை வைத்து அதை வடியவிட்டார்கள். நான்கு வாரத்தில் ஸ்கான் எடுத்து ஸ்டென்டை அகற்ற வரச் சொன்னார்கள். இப்போது அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். காய்ச்சலும் வலியும் இல்லை. இருதயத்தில் வைத்த ஸ்டென்டுடன் பல வருடங்களாக நலமாக இருக்கும் பெரியப்பா, சுகமானவரை ஏன் மறுபடியும் கொழும்புக்கு அலைக்கழிக்க வேண்டும் என்கிறார். பயணத்தைத் தள்ளிப் போடலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தள்ளிப் போட வேண்டாம். உங்கள் தந்தையார் சுகமாக இருப்பதே அந்த ஸ்டென்டை விரைந்து அகற்றுவதற்கான காரணம்.

நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பியால் பின்னி, மேலே மெல்லிய உறை போர்த்தப்பட்ட இந்த ஸ்டென்ட், உடுக்கைப் போல நடுவில் ஒடுங்கி இரு முனைகளிலும் அகன்றிருக்கும். ஒரு முனை இரைப்பைக்குள்ளும் மறுமுனை கட்டிக்குள்ளும் நின்று இரண்டு சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிளாஸ்டிக் குழாயின் துவாரம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கு மேல் வராது. இதுவோ 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை அகலமானது என்பதால், சீழும் இறந்த திசுத் துண்டுகளும்கூட வெளியேறும். கட்டி நிறைந்திருக்கும் வரை உள்முனை எதையும் தொடாமல் நிற்கும். கட்டி வற்றிச் சுருங்கியதும் எதிர்ப்பக்கச் சுவர் நெருங்கி வந்து அந்த உலோக விளிம்பில் உரசத் தொடங்குகிறது. அந்தச் சுவரை அடுத்து மண்ணீரலுக்குச் செல்லும் நாடி போன்ற பெரிய குருதிக்குழாய்கள் ஓடுகின்றன. நாளடைவில் ஒன்று அரிபட்டால், எந்த முன்னறிவிப்பும் இன்றிக் கடுமையான இரத்தப்போக்கு ஏற்படலாம்.

பெரியப்பாவின் ஒப்பீடு அன்பினால் வந்தது என்றாலும் இங்கே பொருந்தாது. இருதய நாடியில் வைக்கும் ஸ்டென்டின் மேல் மெல்லிய திசு வளர்ந்து மூடுவது நன்மையே. அது அங்கேயே தங்குவதற்காக வைக்கப்படுவது. இரைப்பையில் அதே வளர்ச்சி ஸ்டென்டைப் புதைத்துவிடும். பிறகு எடுப்பது கடினமாவதுடன், எடுக்கும்போது காயமும் ஏற்படலாம். உணவுத் துணிக்கைகளால் வழி அடைபட்டு உள்ளே மீண்டும் கிருமி தொற்றுவதும், ஸ்டென்ட் இடம்பெயர்ந்து குடலுக்குள் விழுவதும் உண்டு. இவற்றாலேயே, இத்தகைய ஸ்டென்டுகளை நான்கு வாரங்களுக்குள் அகற்ற வேண்டும் என்று ஐரோப்பிய எண்டொஸ்கொப்பி மருத்துவர் சங்கம் 2018இல் பரிந்துரைத்தது.

அகற்றுவதற்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை; வாய்வழியாக எண்டொஸ்கொப்பி செலுத்தியே எடுப்பார்கள். கட்டி முழுமையாக வற்றவில்லை என்றோ சதையியின் சாறு ஓடும் நாளம் அறுபட்டிருக்கிறது என்றோ ஸ்கான் காட்டினால், அதே துவாரத்தில் முனை சுருண்ட பிளாஸ்டிக் குழாய்களை வைத்துவிடுவதும் உண்டு. அது சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளல்ல.

அதுவரை கவனிக்க வேண்டியவை: தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி, திடீர்த் தலைச்சுற்றும் வியர்வையும், குளிருடன் காய்ச்சல், புதிய வயிற்றுவலி. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் வீட்டிலிருந்து அப்படி ஊகித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.) இவற்றில் ஒன்று கண்டாலும் கொழும்புத் திகதிக்குக் காத்திராமல், 1990 அம்புலன்ஸை அழைத்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லுங்கள். ஸ்டென்ட் வைத்த திகதியுள்ள அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, ஸ்டென்ட் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராயின், அதை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் இப்போதே தெரிவியுங்கள்.

கேள்வி: புற்றுநோயால் பித்தநாளம் அடைபட்ட அம்மாவுக்கு வைத்த உலோக ஸ்டென்டையும் எடுக்க வேண்டுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அது வேறு வகை. உறையில்லாத பித்தநாள ஸ்டென்ட் பொதுவாக நிரந்தரமாக இருப்பதற்கென்றே வைக்கப்படுகிறது. ஆயினும் கம்பிகளின் இடையே புற்றுநோய்க் கட்டி வளர்ந்து வழியை அடைக்கலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுமையாகக் கறுப்பது, உடல் அரிப்பு, குளிர் காய்ச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். பித்தநாளத் தொற்று சில மணி நேரத்திலேயே உடலெங்கும் பரவக்கூடியது. ஆகவே குளிர் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலையில் சேர்த்துவிடுங்கள். அடைபட்ட ஸ்டென்டினுள் இன்னொன்றை வைத்து வழியைத் திறக்க முடியும்.