மந்த காலத்தில் கச்சேரி ஒப்பந்தத்தைத் தளர்த்தச் சொல்வது நியாயமா?

கேள்வி: மக்கள் கையில் பணம் இல்லாத காலத்தில், பேசி முடித்த சம்பளத்தைக் குறைக்கும்படி நிகழ்ச்சி அமைப்பாளர் கலைஞரிடம் கேட்கலாமா? கையெழுத்திட்ட பிறகு அது முறைதானா?

கேட்கலாம், ஆனால் டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நட்டத்தில் பங்கு கேட்பவர் லாபத்திலும் பங்கு தர முன்வர வேண்டும். இசை நிகழ்ச்சிகளுக்கான ஒப்பந்தங்களை எழுதித் திருத்தும் வேலையில் இருப்பவன் நான். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் பேச்சு முறிந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில், சட்டம் காப்பாற்றும் என்று நம்பி இறங்க வேண்டாம். 1861-இல் லண்டனில் நான்கு நாள் கச்சேரிக்கு வாடகைக்குப் பேசியிருந்த ஒரு அரங்கு, முதல் கச்சேரிக்குச் சில நாட்களுக்கு முன் எரிந்துபோனது. டெய்லர் எதிர் கால்டுவெல் என்ற அந்த வழக்கில், இரு தரப்பும் ஒப்பந்தக் கடமையிலிருந்து விடுபட்டுவிட்டதாக 1863-இல் தீர்ப்பு வந்தது. அங்கே அரங்கே இல்லாமல் போய்விட்டது. டிக்கெட் விற்கவில்லை என்பது அந்த வகையில் சேராது. வெள்ளம், கொள்ளைநோய் போன்றவை வந்தால் கடமையிலிருந்து விலக்கு தரும் பேரிடர் ஷரத்தும் வழக்கமாக மந்தநிலைக்குப் பொருந்தாது. பிரான்சு 2016-இல் தன் சிவில் சட்டத்தில் 1195-ஆம் பிரிவைச் சேர்த்து, எதிர்பாராத சூழல் மாற்றத்தால் செலவு தாங்க முடியாததாகிவிட்டால் மறுபேச்சு கேட்க வழி தந்தது. ஆனால் அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டவருக்கு அதுவும் உதவாது. கூட்டம் வருமா வராதா என்ற அபாயத்தைச் சுமப்பதுதான் அமைப்பாளரின் தொழிலே. ஆகவே சம்மதம் வாங்குவது ஒன்றே வழி.

அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குவது? கணக்கைக் காட்டித்தான். அரங்கு நிறைந்தால் வரும் வசூலை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, ஒலி, ஒளி, விளம்பரம் எல்லாம் 40. கலைஞரின் உத்தரவாதத் தொகை, அதாவது டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்குத் தர வேண்டிய சம்பளம், 40. அப்படியானால் 80 பங்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. 70 மட்டும் விற்றால் அமைப்பாளருக்கு 10 நட்டம். இப்போது உத்தரவாதத்தை 25 ஆக்கி, செலவும் உத்தரவாதமும் போக மிஞ்சுவதில் ஆளுக்குப் பாதி என்று மாற்றிப் பாருங்கள். 65 விற்றாலே கணக்கு நேராகிவிடும். 70 விற்றால் கலைஞருக்கு 27.5, அமைப்பாளருக்கு 2.5. அரங்கு நிறைந்தால் கலைஞருக்கு 42.5, அதாவது பழைய தொகையைவிட அதிகம். அமைப்பாளரின் லாபம் 20-லிருந்து 17.5 ஆக இறங்குகிறது. அந்த இறக்கத்தை அவர் மனமுவந்து ஏற்றால்தான் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பேன்.

எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2020 ஜூனில், இசை நிகழ்ச்சிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான லைவ் நேஷன் 2021-ஆம் ஆண்டின் இசை விழாக்களுக்காக முன்வைத்த நிபந்தனைகள் செய்திகளில் வெளியாயின. உத்தரவாதத் தொகையில் 20 சதவீதம் குறைப்பு. விற்பனை மந்தத்தால் நிகழ்ச்சி ரத்தானால் கலைஞருக்கு 25 சதவீதம் மட்டும். ஒப்பந்தத்தை மீறிக் கலைஞர் ரத்து செய்தாலோ, தன் சம்பளத்தைப் போல் இரு மடங்கு தர வேண்டும். கொள்ளைநோயால் அரங்குகள் மூடிக்கிடந்த நேரம் அது, நெருக்கடி உண்மையானதுதான். ஆனால் சுமை முழுவதையும் ஒரே பக்கம் தள்ளும் நிபந்தனைகளைத் தளர்வு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சம்பளத்தைத் தொடாமலும் நிறையச் செய்யலாம். முன்பணத்தைத் தவணைகளாகப் பிரிக்கலாம், சிறிய அரங்குக்கு மாறலாம், அபராதமின்றி ஒருமுறை தேதியை மாற்றிக்கொள்ளலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் பக்கத்து ஊர்களில் பாடக் கூடாது என்ற தடையை அமைப்பாளர் விட்டுக்கொடுக்கலாம். சம்பளம் குறைந்த கலைஞர் அந்த வருவாயை வேறு மேடையில் ஈட்டிக்கொள்வார்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். பக்கவாத்தியக்காரர்கள், ஒலிப் பணியாளர்கள் ஆகியோரின் கூலி இந்தப் பேரத்துக்குள் வரவே கூடாது. நிறைந்த அரங்கின் லாபத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. அவர்களிடம் நட்டத்தை நீட்டுவது அநியாயம்.

எல்லாம் முடிவானபின் திருத்தத்தை எழுத்தில் வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்த இரவே செலவுச் சீட்டுகளுடன் கணக்கை முடிக்க வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். இந்தச் சலுகை எந்தத் தேதியோடு முடிகிறது என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், நிலைமை சீரான பிறகும் குறைந்த தொகையிலிருந்தே அடுத்த பேரம் தொடங்கும்.