காளானை வரைவோர் கேட்ட கேள்விகள்

கேள்வி: மேடம், கடையில் வாங்கிய பட்டன் காளானில் ஸ்போர் அச்சு, அதாவது விதைபோன்ற அதன் தூளைத் தாளில் விழவைத்துப் பெறும் பதிவு, எடுக்கப் பார்த்தேன். தாளில் ஒன்றுமே விழவில்லையே?

பதில்: அது விரியாத மொட்டு. குடைக்கு அடியில் ஒரு சவ்வு மூடியிருக்கும், ஸ்போர் வெளியே வராது. நன்றாக விரிந்த, காயாத காளானாகப் பாருங்கள். தண்டை ஒட்ட நறுக்கிவிட்டு, குடைக்கு அடியில் மெல்லிய தகடுகளாக இருக்கும் செவுள் பக்கம் தாளில் படும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். தாள் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக இருக்கட்டும். சிப்பிக் காளானின் வெளிறிய தூள் கறுப்பில்தான் எடுப்பாகத் தெரியும். காலையில் கிண்ணத்தைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு மெல்லிய தூள். உற்றுப் பாருங்கள்: செவுள் இருந்த இடம் வெறுமையாக இருக்கும், செவுள்களுக்கு இடையில் இருந்த சந்துதான் கோடாக விழுந்திருக்கும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது.

கேள்வி: காளானிலிருந்தே மை எடுக்கலாமாமே?

பதில்: எடுக்கலாம். கோப்ரினஸ் கோமேட்டஸ் என்ற வெள்ளைக் காளான் முதிர்ந்ததும் தன்னைத்தானே செரித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து கறுப்பாகச் சொட்டும். வடிகட்டினால் மை தயார். ஓரம் கரையக் கரைய, உள்ளே இருக்கும் ஸ்போர்களுக்குக் காற்றில் பறக்க வழி கிடைக்கிறது.

கேள்வி: மண்ணுக்கடியில் இருப்பதை வேர் மாதிரி வரைந்தால் போதுமா?

பதில்: போதாது. முதலில் மட்கிய கட்டை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பூஞ்சை இழை நுனியில் வளர்ந்து கிளைக்கும். அப்புறம் பக்கத்து இழையோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அது வலையாகிறது. வேர்போலப் பிரிந்துகொண்டே போகும் கோடுகளை மட்டும் போட்டால் இந்த ஒட்டுதல் விடுபட்டுப்போகும். காளானை மட்டும் வரைவது, பழத்தை வரைந்துவிட்டு மரத்தை வரைந்தேன் என்பது போல. அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் ஒரே ஆர்மில்லேரியா பூஞ்சை ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. வெளியே தெரிவது இலையுதிர் காலத்தில் வரும் சில காளான்கள்தான்.

கேள்வி: அழுகலை வரைந்தால் பார்ப்பவர்கள் முகம் சுளிக்க மாட்டார்களா?

பதில்: சிலர் சுளிக்கட்டும், நீங்கள் வரையுங்கள். குளோரோசிபோரியா என்ற பூஞ்சை, மட்கும் மரத்துக்கு நீலப்பச்சை நிறம் ஏற்றும். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியத் தச்சர்கள் மரத்துண்டுகளைப் பதித்துச் செய்யும் சித்திரங்களில் பச்சை வேண்டிய இடத்துக்கு அந்தக் கட்டையைத் தேடி எடுத்தார்கள். அந்தப் பச்சை இன்னும் மங்கிவிடவில்லை.